பெரேரா வீட்டுச் சுவர்

"யார் பார்த்த வேலை இது?" என்று கயோடே கத்தினான்.

பதில் சொல்ல அந்த நேரத்தில் தெருவில் ஆள் இல்லை. சுவர்தான் இருந்தது. அது சொல்ல வேண்டியதை ஏற்கெனவே ஆள் உயரச் சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டிருந்தது.

'இந்த வீடு விற்பனைக்கு அல்ல. ஏமாந்து போகாதீர்கள். இப்படிக்கு, குடும்பத்தார்.'

நேற்று சாயங்காலம்தான் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து முடித்திருந்தான். இன்று இருட்டியதும் அதன்மேல் படம் ஓட வேண்டும். லாகோஸ் நகரத்துக் கலை, சினிமா, கட்டடக்கலை வாரத்தின் தொடக்க விழாவே அந்தச் சுவரை நம்பித்தான் இருந்தது.

கயோடே அதைவிட அதிகமாக நம்பியிருந்தான். விழாவை நடத்தும் ரோன்கே மேடம் நிரந்தரமாக ஒரு கலைக்கூடம் திறக்கப் போகிறாள். எந்த இடத்தில் என்பதை மூச்சு விடவில்லை; இன்று மேடையில்தான் சொல்வாளாம். அதை நடத்தப்போவது யார் என்பதும் அதே மேடையில்தான். "இன்னைக்கு எல்லாம் ஒழுங்கா நடந்தா நீதான், நடக்கலேன்னா நான் உன்னைப் பார்த்ததே இல்லை" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். நடக்காவிட்டால் அவனுக்கு அக்காள் புருஷனின் டயர் கடைதான். முதுகில் கடைப் பெயர் போட்ட சட்டை ஒன்றை அந்த மனிதர் இவன் அளவுக்குத் தைத்தே வைத்திருக்கிறார்.

சுவரில் இப்படி எழுதுவது இந்த ஊரில் அதிசயமில்லை. வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்காக இபாதான் நகரத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் வேறு யாராவது அவர் வீட்டை விற்றிருப்பார்கள். வாங்கினவரும் கட்டில் மெத்தையோடு வந்து இறங்கியிருப்பார். அதனால் கதவுக்குப் பூட்டு, சுவருக்கு இந்த வாக்கியம். ஆனால் விழா நாளில்தானா எழுத வேண்டும்?

மாடியில் பெரியவர் பெரேரா அக்காரா என்ற பயற்று வடையைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய பிரேசில் பாணி வீட்டை விழாவுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

"ஐயா, சுவத்துலே எழுதறதுக்கு முன்னாடி என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நானா எழுதினேன்? நீ எழுதினதுன்னுல்ல நெனைச்சேன். கலை, கலைன்னு சொல்லிட்டிருந்தியே. காலையிலே பார்த்தேன். பரவாயில்லை, இதாவது படிச்சா புரியுதுன்னு சந்தோஷப்பட்டேன்."

அப்படியானால் பங்காளிகளில் யாரோ எழுதியிருக்க வேண்டும். பெரேரா குடும்பத்துக்கு ஊர் பூராவும் கிளைகள். தெருவில் புது ஆள் நடமாட்டம் என்று கேள்விப்பட்டதுமே எவராவது வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். கயோடே அதற்குமேல் யோசிக்கவில்லை. மிச்சமிருந்த வெள்ளையைக் கரைத்தான், உருளையை எடுத்தான், தானே அடிக்க ஆரம்பித்தான்.

'அல்ல' என்ற வார்த்தை மறைந்தபோது முதுகுக்குப் பின்னால் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

வாசலில் அக்காரா சுடும் இயா ரிசி வாயைப் பிளந்து நின்றாள். வழக்கமாக அவள் அடுப்பு பக்கத்து வீட்டு வாசலில் இருக்கும். அங்கே யாரும் குடியில்லை, விரட்ட ஆளில்லை. விழாவுக்கு வருகிறவர்கள் தெரு வாசனையையும் அனுபவிக்கட்டும் என்று கயோடேதான் நேற்று அவளை இந்த வாசலுக்கு மாற்றியிருந்தான்.

"அடப்பாவி, அழிக்கிறியா?"

"சும்மா வெள்ளையடிக்கிறேன், இயா."

"யாருகிட்டே கதை விடறே? எழுதினதை அழிக்கிறாங்கன்னா வீடு கைமாறிடுச்சுன்னு அர்த்தம். என் சொந்தச் சித்தப்பா வீட்டையே இப்படித்தான் வித்தாங்க. பெரேரா குடும்பத்து ஆளுங்களா! ஓடியாங்க!"

அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. எண்ணெய் ஆறுவதற்குள் மோட்டார் சைக்கிள்களிலும் மஞ்சள் வேன்களிலும் பங்காளிகள் வந்து குவிந்தார்கள். முன்னால் வந்தவள் ஆன்ட்டி பெனெடிக்டா. பெரியவருக்குத் தம்பி மகள், மீன் மொத்த வியாபாரி. வண்டியை விட்டு இறங்கும்போதே தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இந்த ஊரில் ஒரு பெண் அப்படிக் கட்டிக்கொண்டால் எதிரில் நிற்பவன் வழி பார்த்துக்கொள்வது நல்லது.

"எவன் வித்தான்? எவன் வாங்கினான்? ரெண்டு பேரையும் என் முன்னாடி நிறுத்து!"

"ஆன்ட்டி, யாரும் விக்கலை. இது கண்காட்சி. இன்னைக்கு ராத்திரி இந்தச் சுவத்துலே படம் போடறோம், அவ்வளவுதான்."

"படமா? சினிமா கொட்டகை எல்லாம் இடிஞ்சு போச்சா? எங்க சின்னத் தாத்தா வழி ஆளுங்க பாடுபட்டு எழுதி வெச்சதை அழிச்சுட்டு, எனக்கே படம் காட்டறியா?"

"நாங்க எங்கே எழுதினோம்?" என்றார் சின்னத் தாத்தா வழியில் வந்த ஒருவர். பக்கத்திலிருந்தவர் அவர் விலாவில் இடித்தார். "ஆமாமா, நாங்கதான் எழுதினோம்" என்று அவர் திருத்திக்கொண்டார். பெருமை சும்மா வரும்போது யார் வேண்டாமென்பார்கள்?

கயோடேக்கு வியர்த்தது. எழுத்தை அழித்ததால் வந்த வினை, எழுதினால் போய்விடும் என்று கணக்குப் போட்டான். "சரி, நீங்களே திரும்ப எழுதிக்குங்க. ஓரமா, கீழே, சின்னதா" என்று தூரிகையை நீட்டினான்.

அங்கேதான் பெரிய தப்பு செய்தான். கீழே என்றால் யாருடைய பெயர் கீழே? பெரிய தாத்தா வழியா, சின்னத் தாத்தா வழியா, பாட்டி வழியா? 'குடும்பத்தார்' என்று பொதுவாகப் போட்டதே மோசடி என்றாள் ஆன்ட்டி பெனெடிக்டா. அவள் தன் கிளையின் பெயரைப் போட்டு நடுச் சுவரில் எழுதினாள். அதைப் பார்த்த சின்னத் தாத்தா வழி அதற்கு மேலே இன்னும் பெரிதாக எழுதியது. பாட்டி வழியினர் ஏணி கேட்டார்கள்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே தோல் பையோடு ஒருவர் கயோடேயின் தோளைத் தட்டினார். நல்ல இஸ்திரி போட்ட உடுப்பு, பொறுமையான முகம்.

"தம்பி, ஒரு சின்ன விவரம். இந்த வீட்டிலே இத்தனை எழுதியிருக்கே, பக்கத்து வீட்டுக்கு எதுவும் வில்லங்கம் உண்டா?"

"வில்லங்கம் இருந்தா எழுதியிருக்க மாட்டாங்களா, சார்? சுவரைப் பாருங்க, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றான் கயோடே, ஏணியைப் பிடித்தபடி.

"அதுவும் நியாயம்தான்." அவர் நன்றி சொல்லி, ஒரு பொட்டலம் அக்காரா வாங்கிக்கொண்டு போனார். அன்று அதுவரை கயோடேயிடம் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மத்தியானம் மேடம் போன் செய்தாள்.

"சுவர் எப்படி இருக்கு, கயோடே? நான் சொன்னது ஞாபகம் இருக்குல்லே? சுவர் பேசணும்."

கயோடே சுவரைப் பார்த்தான். விற்பனைக்கு அல்ல, விற்பனைக்கே அல்ல, எக்காலத்திலும் அல்ல, பெரிய தாத்தா மேல் ஆணை, பாட்டி மேல் ஆணை என்று மேலிருந்து கீழ்வரை அது கத்திக்கொண்டிருந்தது.

"நல்லாவே பேசுது, மேடம்."

வேறு வழியில்லை. ஒரு அட்டையை வெட்டி, 'குடும்பம். சிவப்பு வண்ணம், சுவர்' என்று எழுதி ஓரத்தில் ஒட்டினான். அட்டை ஒட்டியதும் அது கலையாகிவிட்டது. நான்கு மணிக்கு வந்த விருந்தினர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். மூன்று கட்டடக்கலை மாணவர்கள் குனிந்து குனிந்து படம் எடுத்தார்கள். ஒரு பேராசிரியர் சுவர் நினைவைப் பற்றிப் பேசுகிறது என்றார். ரோன்கே மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவள் எதையாவது இரண்டு முறை பார்த்தால் பிடித்திருக்கிறது என்று பொருள்.

கயோடே மூச்சு விட்டான். அப்போதுதான் விழாவுக்கு ஆதரவு தந்திருந்த வங்கித் தலைவர் அவனிடம் வந்தார்.

"பிரமாதம். இதை நான் எடுத்துக்கறேன்."

"எதை, சார்?"

"இந்தப் படைப்பை. அப்படியே பேர்த்து எங்க ஆபீஸ் முகப்பிலே வெச்சுக்கறோம். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கலைக்கூடங்களிலேயே வளர்ந்த கை. யாராவது எடுத்துக்கொள்கிறேன் என்றால் அது தானாகப் பைக்குள் போகும். அவனுடைய கை போயிற்று, சிவப்புப் பொட்டு ஒன்றை எடுத்தது, அட்டையின் ஓரத்தில் ஒட்டியது.

ஆன்ட்டி பெனெடிக்டா அதைப் பார்த்துவிட்டாள்.

"அது என்ன பொட்டு?" என்று பக்கத்திலிருந்த மாணவியைக் கேட்டாள்.

"அதுவா, ஆன்ட்டி? வித்தாச்சுன்னு அர்த்தம்."

பிறகு நடந்ததை விவரிக்காமல் இருப்பது வங்கித் தலைவருக்கு மரியாதை. அவருடைய தொளதொள அங்கியின் ஒரு கை ஆன்ட்டி பெனெடிக்டாவிடமும் மறு கை சின்னத் தாத்தா வழியிடமும் சற்று நேரம் இருந்தன என்பது மட்டும் போதும். கயோடே பொட்டைப் பிய்த்தான், அட்டையைப் பிய்த்தான், "விக்கலை, விக்கவே இல்லை!" என்று அலறினான்.

"காலையிலே அழிச்சே. இப்போ பொட்டு வெச்சே. உன்னை நம்பி நாங்க நகர மாட்டோம்" என்றாள் ஆன்ட்டி. குடும்பம் மொத்தமும் சுவரை ஒட்டிக் கைகோத்து நின்றுவிட்டது. மாடியிலிருந்து பெரியவர் பெரேராவும் கஞ்சிக் கிண்ணத்தோடு இறங்கி வந்து வரிசையில் சேர்ந்தார். தன் வீட்டை யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இருட்டிவிட்டது. ஜெனரேட்டர் உறுமியது. "படத்தைப் போடு" என்றாள் மேடம்.

"மேடம், ஆளுங்க நிக்கறாங்க."

"போடுன்னா போடு!"

டயர் கடைச் சட்டை கண் முன்னால் ஆட, கயோடே விசையை அழுத்தினான்.

அது லாகோஸின் தீவுப் பகுதியில் இடிபட்ட பழைய வீடுகளைப் பற்றிய படம். வளைவு ஜன்னல்கள், இரும்புக் கம்பி வேலைப்பாடுகள், பிறகு புல்டோசர், பிறகு தூசி. அந்த வீடுகள் பெரேரா குடும்பத்தின் நெற்றிகளிலும் தோள்களிலும் விழுந்து விழுந்து எழுந்தன. இடிகிற ஒவ்வொரு சுவரின் ஊடாகவும் அந்தச் சிவப்பு எழுத்து தெரிந்தது. ஆன்ட்டி பெனெடிக்டா கண் கூசியும் கையை விடவில்லை. காலையிலிருந்து தான் எதை அழித்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் கயோடேக்கு உறைத்தது.

படம் முடிந்ததும் தெரு முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. அங்கி கசங்கிய வங்கித் தலைவரே விசில் அடித்தார். ஆன்ட்டி பெனெடிக்டா வெட்கப்பட்டுக்கொண்டு இடுப்புத் துணியை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டாள். ஜொலோஃப் சோற்றுப் பாத்திரங்கள் திறக்கப்பட்டன.

மேடம் மேடையேறினாள்.

"ஒரு குடும்பத்தையே சுவரோட சேத்துக் கலையா நிறுத்தணும்னு யாருக்குத் தோணும்? கயோடேக்குத் தோணிச்சு. புதுக் கலைக்கூடத்தை இனிமே அவர்தான் நடத்தப் போறார்."

அக்காள் புருஷனின் சட்டைக்கு மனசுக்குள் விடை கொடுத்தான் கயோடே. ஆன்ட்டி பெனெடிக்டா ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் அழுதேவிட்டான்.

"கலைக்கூடம் வரப்போற இடம் ரொம்பத் தூரமில்லை. இதோ, பக்கத்து வீடு. எங்க அப்பாவோட வீடு. அவர் போனதுலேருந்து பூட்டியே கெடக்கு. சேதி வெளியே தெரிஞ்சா எவனாவது கை வெச்சுடுவான்னு ரகசியமா வெச்சிருந்தேன். நேத்தே சுவத்துலே எழுதவும் சொல்லிட்டேன். விளக்கை அந்தப் பக்கம் திருப்புங்க!"

விளக்கு திரும்பியது. பக்கத்து வீட்டுச் சுவர் வெறுமையாக இருந்தது.

"முஃபு!" என்றாள் மேடம்.

சோற்றுத் தட்டோடு கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். பெயர்ப்பலகை எழுதும் முஃபு.

"எங்கேய்யா எழுத்து?"

"எழுதிட்டேனே, மேடம். அக்காரா அடுப்பு இருக்கிற வீடுன்னு சொன்னீங்க. அடுப்பு இந்த வாசல்லேதானே இருந்துச்சு."

மேடம் அடுப்பைப் பார்த்தாள். இயா ரிசி கயோடேயைப் பார்த்தாள். கயோடே எங்கே பார்ப்பது என்று தேடிக்கொண்டிருந்தபோது, தெருமுனையிலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு பின்பக்கமாக உள்ளே வந்தது. மேலே கட்டில், மெத்தை, ஒரு தையல் மிஷின். அது பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. முன்னாலிருந்து தோல் பையோடு அந்தப் பொறுமையான மனிதர் இறங்கினார். கையில் புதுச் சாவி பளபளத்தது. கூட்டத்தில் கயோடேயின் முகத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"தம்பி! நீங்க சொன்ன மாதிரியே, எழுத்து எதுவும் இல்லாத வீடாப் பார்த்து வாங்கிட்டேன். சாமான் இறக்கக் கொஞ்சம் கை குடுங்களேன்!"