பேராசிரியர் வேண்டாமென்ற பாம்பு

கட்டுரை மேசைமேல் வந்து விழுந்த வேகத்திலேயே காரியம் கெட்டுவிட்டது என்று ஆய்வாளருக்குப் புரிந்தது.

"இது சரிப்படாது," என்றார் பேராசிரியர். காரணம் சொல்லவில்லை.

பாம்புகள் கால்களை இழந்த கதையைத் துருவித் துருவியே தலை நரைத்தவர் ஆய்வாளர். மண்ணுக்கடியில் வாழும், கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட இந்தச் சின்னப் பாம்பைப் பற்றி யாரும் எழுதியதாக அவர் கண்ணில் படவில்லை. புதிய இனத்துக்குப் பெரியவர் ஒருவரின் பெயரைச் சூட்டுவது துறையின் வழக்கம். பேராசிரியரின் பெயரையே சூட்டியிருந்தார். அவர் கையெழுத்திட்டால்தான் கட்டுரை வெளிவரும். வந்தால்தான் மாதக் கடைசியோடு முடிகிற வேலை நீடிக்கும்.

"அப்படி என்னதான் எழுதினீங்க?" என்றாள் வீட்டில் ஆய்வாளரின் மனைவி. வாசித்துக் காட்டினார்.

"மழுங்கிய தலை, மங்கிய கண், வெளியே வருவது அபூர்வம்... ஏங்க, அவர் பேரை வச்சுட்டு இப்படியா எழுதுவாங்க? மனுஷனுக்கு ரோஷம் இருக்காதா?"

ஆய்வாளருக்குச் சுருக்கென்றது. மறுநாளே மழுங்கிய தலையை 'உறுதியான தலை' ஆக்கினார். மங்கிய கண் 'ஆழ்ந்த நோக்கு' ஆயிற்று. அறிவியலுக்கு இது அடுக்குமா என்று மனசாட்சி முணுமுணுத்தது. அதை அதட்டி உட்கார வைத்தார்.

திருத்திய கட்டுரையைப் பார்த்ததும் பேராசிரியர் முகம் வெளிறிவிட்டது. "பாம்பை எங்க புடிச்சீங்க?"

"மலைமேல, பழைய ஆய்வு முகாம் பக்கத்துல சார்."

"இத்தோட விட்டுடுங்க. யார்கிட்டயும் பேச வேண்டாம்."

வேலை போய்விடும் என்று ஆய்வாளர் வீட்டில் புலம்பினார். மனைவி மட்டும் அசரவில்லை. "அவருக்கு வேண்டாம்னா அவர் வீட்டம்மா பேரை வைங்க. பொண்டாட்டிக்கு மரியாதைன்னா எந்தப் புருஷன் மாட்டேம்பான்?"

ஞாயிற்றுக்கிழமை, பாம்பின் படத்தோடு ஆய்வாளர் பேராசிரியர் வீட்டுக்கே போய்விட்டார். கதவைத் திறந்த அம்மாளிடம் படத்தைக் கொடுத்தார்.

"உங்க பேரைத்தாம்மா வச்சிருக்கேன். சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

"அவகிட்ட காட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டே, பாதிச் சவரத்தோடு உள்ளிருந்து ஓடிவந்தார் பேராசிரியர்.

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். கோபமே இல்லை.

"இது புதுசு இல்ல தம்பி. எங்களுக்குக் கல்யாணமான வருஷமே இவர் இதுக்குப் பேர் வச்சு எழுதிட்டாரு, என் தங்கச்சி பேரை."