ஊரைப் பின்தங்க வைத்தவர்

டிரான்சிஸ்டரை வைக்கோல் போருக்குள் செருகிவிட்டுத் திரும்பிய அய்யாக்கண்ணுவுக்கு எதிரே, அடுத்த சிக்கல் சைக்கிள் உருவத்தில் சுவரில் சாய்ந்து நின்றது.

“ஏங்க, அதையும் வைக்கப் போருலயா சொருகப் போறீங்க?” என்றாள் மனைவி அம்சவள்ளி.

“கெணத்துல எறக்கிடலாம்.”

“எறக்குங்க. அப்படியே போன மாசம் மேஞ்ச ஓட்டையும் பிரிச்சு எறக்குங்க.”

அய்யாக்கண்ணு அண்ணாந்து பார்த்தார். புது ஓடு வெயிலில் பளபளவென்று மின்னியது. அதை அவர் மறந்தே போயிருந்தார்.

அவர் ஈச்சங்காட்டுமேட்டின் பஞ்சாயத்துத் தலைவர். ஆண்டிமடத்திலிருந்து வரும் தார் ரோடு ஊருக்குள் நுழையாமல் ஓடைக்கரையோடு நின்றுவிடும். ஓடையில் தண்ணீர் ஓடுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். மற்ற மாதமெல்லாம் சேறு. அந்தச் சேறு இதுவரை விழுங்கிய செருப்புகளைத் தோண்டி எடுத்தால் ஜெயங்கொண்டத்தில் கடை வைக்கலாம். மழைக்காலத்தில் வாத்தியார் அக்கரையில் நின்றபடியே பேர் கூப்பிடுவார். பிள்ளைகள் இக்கரையிலிருந்து ‘உள்ளேன் ஐயா’ சொல்லிவிட்டுக் கலைந்துவிடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய மகன் ராசாங்கத்துக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் ஓடை வரைக்கும் வருவார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஒரு காலை வைத்துப் பார்ப்பார்கள். பிறகு அந்தக் காலைக் கழுவிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ரோடு வந்தால்தான் மருமகள் வருவாள் என்று அய்யாக்கண்ணு உறுதியாக நம்பினார்.

பின்தங்கிய கிராமங்களைத் தூக்கி நிறுத்த அரசாங்கத்தில் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். யூனியனுக்கு ஓர் ஊர். அந்த ஊருக்கு ரோடு. போன வருஷம் பார்வையிட வந்த ஆபீசருக்கு அய்யாக்கண்ணு வாழைமரம் கட்டி, முந்திரி போட்ட பாயசம் வைத்தார். ஆபீசர் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ‘வசதியான ஊர்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

“இந்தத் தடவ பாயசம் கீயசம்னு கெளம்பிடாதீங்க தலைவரே,” என்று யூனியன் ஆபீஸ் பியூன் சாமிதுரை எச்சரித்திருந்தார். “முன்னாடியே ஒரு ஆள உட்டு வேவு பாப்பாங்க. ஜீப்பு வராது, ஒண்ணும் வராது. சும்மா வழியில போறவரு மாதிரி வருவாரு. நீங்களும் தெரிஞ்சதா காட்டிக்காதீங்க.”

ஓட்டைப் பிரிக்க இப்போது நேரமில்லை. யோசித்துப் பார்த்த அய்யாக்கண்ணு, குடும்பத்தை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினார். மாடுகள் ஓட்டு வீட்டுக்குள் போயின. அவற்றுக்கு ஆட்சேபம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ராசாங்கத்தின் டெரிலின் சட்டையைக் கழற்றச் சொல்லி ஓட்டை பனியனை மாட்டிவிட்டார்.

“அப்பா, மாடு என் பாயில படுத்துருக்கு.”

“ரோடு வர்ற வரைக்கும் படுக்கட்டும்டா.”

அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, முழங்கால் வரை சேறு. “சும்மா இந்தப் பக்கமா வந்தேங்க. ஊரப் பாத்துட்டுப் போவோம்னு,” என்றார்.

சாமிதுரை சொன்னது அச்சு மாறாமல் நடந்தது. “வாங்க சார், ஒக்காருங்க,” என்று அய்யாக்கண்ணு ஒரு சாக்கை விரித்துப் போட்டார்.

வந்தவர் ஓட்டு வீட்டைப் பார்த்தார். “அந்த வூடு யாரோடதுங்க?”

ஜன்னல் வழியே பசு தலையை நீட்டியது.

“மாட்டோடதுங்க,” என்றார் அய்யாக்கண்ணு. வேறு வழியில்லை. “மாட்டுக்குத்தாங்க லோன் குடுத்தாங்க. மனுசனுக்குத் திட்டம் இன்னும் வரலியாம்.”

வந்தவர் பசுவையே பார்த்தார். இதற்குள் கன்றுக்குட்டி வைக்கோலை இழுத்த இழுப்பில் டிரான்சிஸ்டரின் குமிழ் திரும்பிக்கொண்டது. கம்புக்கு எப்போது உரம் வைக்க வேண்டும் என்று வைக்கோல் போர் கணீரென்று பேசியது.

“அது என்னங்க சத்தம்?”

“ஆண்டிமடத்துல யாராச்சும் ரேடியோ வச்சிருப்பாங்க. காத்து இப்படி அடிச்சா இங்க கேக்கும். எங்களுக்கு அதுதாங்க பொழுதுபோக்கு.”

வந்தவரின் பார்வை ராசாங்கத்தின் மேல் நிலைத்தது. “தம்பி என்ன படிச்சிருக்காப்ல?”

“உள்ளேன் ஐயா வரைக்கும்ங்க.”

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்த ராசாங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆளு நல்லா வாட்டசாட்டமாத்தான் இருக்காப்ல.”

அய்யாக்கண்ணுவுக்குத் திக்கென்றது. மகனின் உடம்பினால் ரோடு போய்விடும் போலிருந்தது. “அது சதை இல்லீங்க, வீக்கம்,” என்றார். “சோறு பத்தாம வர்ற வீக்கம்.”

ராசாங்கம் வாயைத் திறந்தான். அம்சவள்ளி அவன் முதுகில் கிள்ளினாள். அவன் “அம்மா” என்று முனகியதும் வீக்கத்துக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

வந்தவர் குடையைக் கீழே வைத்தார். பிறகு, “என்ன செஞ்சா இந்த ஊரு உருப்படும்?” என்று கேட்டார்.

“மொதல்ல ஓடைக்கு ஒரு பாலமும் ரோடும் வேணுங்க. ரோடு வந்தா பஸ்ஸு வரும். பஸ்ஸுல வாத்தியாரு வருவாரு, நர்சம்மா வருவாங்க. இப்ப முந்திரிக்கொட்டயத் தலையில சொமந்துட்டுப் போயி, திருப்பிச் சொமக்க முடியாம கேட்ட வெலைக்குக் கொட்டிட்டு வர்றோம். அது நிக்கும். ஓசியில ஒண்ணும் வேணாங்க. வழிய மட்டும் போட்டுக் குடுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் இங்க வாக்கப்பட்டு வர்ற பொம்பளைங்க பாடு நாய்ப்பாடுதாங்க. பிரசவ வலி வந்தாக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு ஓடணும். அம்சவள்ளி, சாருகிட்ட கையக் காட்டு.”

காலையில் சைக்கிளைக் கிணற்றில் இறக்கியபோது கயிறு அறுத்த கையை அம்சவள்ளி காட்டினாள். வந்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூழ் குடிக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டு, “நல்லா இருங்கம்மா,” என்று சொல்லிக் கும்பிட்டார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் வேகமாக நடந்தார்.

“அழுதாரு பாத்தியா?” என்றார் அய்யாக்கண்ணு.

“பாவம், நல்ல மனுசன். இவ்வளவு சொல்லியிருக்க வேணாங்க.”

“போ புள்ள. வீக்கத்துலயே ரோடு பாதி வந்துடுச்சு.”

மத்தியானம் அக்கரையில் ஒரு ஜீப் வந்து நின்றது. கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஓர் ஆபீசர் சேற்றைக் கடந்து வந்தார். அவருடைய பூட்ஸைத் தூக்கிக்கொண்டு டிரைவர் பின்னால் வந்தார். அய்யாக்கண்ணு கொட்டகையைக் காட்டக் கிளம்பினார்.

“எதையும் காட்ட வேண்டாங்க,” என்றார் ஆபீசர். “வழியிலேயே முடிவு பண்ணிட்டேன். ரோடு உங்க ஊருக்குத்தான்.”

அய்யாக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டார். “காலையில வந்த சார் எல்லாத்தையும் சொல்லிட்டாருங்களா?”

“எந்தச் சார்? எங்க ஆபீஸ்லேர்ந்து யாரும் வரலியே.”

காலில் அப்பிய சேற்றை வழித்துக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்து சொன்னார்: “ஒரு எறையூர்க்காரரு வழியில ஜீப்ப நிறுத்தி, தலைவரு மகனுக்குத் தன் பொண்ணக் குடுக்கலாமான்னு சொல்லாம கொள்ளாம பாக்க வந்தேன்னு சொல்லி அழுதாருங்க, அந்த அழுகையப் பாத்துத்தான் சார் உங்களுக்கு ரோடு குடுத்தாரு.”