மன்னர் வரும் நேரத்துச் சாலை

விரைபுரி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அது எந்தத் திசையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். தப்பித் தவறிப் போய்ச் சேர்ந்தாலும் அங்கே ரதத்தை நிறுத்த இடம் கிடைக்காது.

அந்த ராஜ்ஜியத்தின் நடுவே ஒரு பெருஞ்சாலை ஓடியது. மற்ற தேசங்களில் சாலை என்பது மனிதர்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கு. விரைபுரியில் அது ரதங்கள் போவதற்கு. ரதம் உள்ளவர் குடிமகன். இல்லாதவர் குறுக்கே வருகிறவர். சாரதிகள் ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் வெற்றிலையுமாக, பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் திரும்பிக் கதை பேசிக்கொண்டே ஓட்டுவார்கள். பிள்ளைகளைக் கண்டு வேகத்தைக் குறைப்பது குதிரைக்கு அவமானம் என்று அங்கே ஓர் எண்ணம் இருந்தது. குதிரைகளை யாரும் கேட்டதில்லை.

சாலைக்கு மேற்கே பவளம் என்ற பெண் ஆப்பம் சுட்டு விற்றுப் பிழைத்து வந்தாள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். இருந்தது ஒரே மகள். பெயர் சிட்டு, முன்பல் விழுந்து முளைக்கிற வயது. பள்ளிக்கூடம் சாலைக்குக் கிழக்கே இருந்தது. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி நாத்தனார் வடிவின் வீடு. தினமும் காலையில் பவளம் மகளைச் சாலை கடத்தி விட்டுவிட்டு வருவாள், சாயங்காலம் போய்க் கூட்டி வருவாள். கடக்கும்போது மகளின் மணிக்கட்டை அவள் பிடிக்கிற பிடியில் சிவந்து தடம் விழும்.

"வலிக்குதும்மா" என்பாள் சிட்டு.

"வலிக்கட்டும்" என்பாள் பவளம்.

ஒரு நாள் சாலை மந்திரியின் மருமகன் ஓட்டிய ரதம், பள்ளிக்கூட வாசலில் நின்ற ஒரு பிள்ளையின் காலை முறித்துவிட்டு நிற்காமல் போனது. ஜனங்கள் அரண்மனை வாசலில் கூடிவிட்டார்கள். மன்னர் திருவேகவர்மர் இளகிய மனம் படைத்தவர். கண்ணீரைப் பார்த்தால் தாங்கமாட்டார், அதனால் பார்ப்பதில்லை. சபை கூடியது.

"மந்திரியாரே, இந்த விபத்துக்குக் காரணம் யாது?"

"தீர ஆராய்ந்தோம் மன்னா. ரதம் சாலையில் இருந்தது. பிள்ளையும் சாலையில் இருந்தது."

"ரதம் சாலையில் இருப்பது முறைதானே?"

"முற்றிலும் முறை, மன்னா."

"அப்படியானால்..." என்று மன்னர் மீசையைத் தடவினார்.

"ஆகா! தங்கள் ஞானத்துக்கு முன் நாங்கள் எம்மாத்திரம்!" என்று மந்திரி எழுந்து கைகூப்பினார். சபை முழுவதும் எழுந்து கைகூப்பியது. அங்கேயே குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் பிறந்துவிட்டது.

சட்டம் எளிமையானது. இந்த நொடி முதல் சாலையை யாரும் கடக்கக் கூடாது. யாரும் கடக்காவிட்டால் யாரும் அடிபட மாட்டார்கள். தண்டோரா போட்டபோது உச்சிப்பொழுது. பவளம் மேற்கே அடுப்படியில் இருந்தாள், சிட்டு கிழக்கே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். அவரவர் இருந்த பக்கம் அவரவர்க்கு நிரந்தரமாயிற்று.

மாவுக்கையோடு பவளம் சாலைப் பாதுகாப்பு அதிகாரியிடம் ஓடினாள். அவர் அப்போதுதான் வந்திருந்த புதுத் தலைப்பாகையைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு இப்போ எங்கம்மா இருக்கா?"

"அந்தப் பக்கம், பள்ளிக்கூடத்துலங்க."

"ரதம் ஏதும் இடிச்சுதா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்கா."

"பாத்தீங்களா, சட்டம் வந்த அன்னிக்கே பலன் தெரியுது!"

"அவ என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டாதாங்க தூங்குவா. இல்லேன்னா கண்ண மூட மாட்டா."

அதிகாரி சட்டத்தை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். "முந்தானையப் பத்தி அதுல ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இல்லாத விதிக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

சிட்டு அத்தை வீட்டிலேயே தங்கினாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கிழக்கு ஓரத்திலும் பவளம் மேற்கு ஓரத்திலும் வந்து நிற்பார்கள். ரதங்களின் இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் பவளம் கையால் பேசினாள். உள்ளங்கையைக் காட்டித் தடுப்பாள். பிறகு அதே கையைத் தன் நெஞ்சில் வைத்து, எதிர்ப்பக்கம் நீட்டுவாள். அங்கேயே இரு, நான் வர்றேன் என்று அர்த்தம். வேறெதையும் விட அவளுக்கு அந்தப் பயம்தான் பெரிது. பிள்ளை ஓடி வந்துவிட்டால்?

இந்தக் கையாட்டல் சாரதிகளின் கவனத்தைச் சிதறடிப்பதாக ரதவோட்டிகள் சங்கம் முறையிட்டது. வெற்றிலை போடவும் கதை பேசவும் வேண்டிய கவனம் அல்லவா? உடனே கவனச்சிதறல் தடுப்பு ஆணை வந்தது. சாலையோரத்தில் கையை இடுப்புக்கு மேல் தூக்குவது குற்றமாயிற்று. காவலர்கள் கம்போடு நின்றார்கள். அதன் பிறகு பவளமும் சிட்டும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்தபடி சும்மா நின்றார்கள்.

அதுவும் நீடிக்கவில்லை. விரைபுரியில் ரதங்கள் பெருகிவிட்டன, நிறுத்தத்தான் இடமில்லை. நடப்பவர்கள்தான் இல்லையே, நடைபாதை எதற்கு என்று மந்திரி கேட்டார். சாலையின் இரு ஓரங்களும் ரதம் நிறுத்துவதற்கு ஒதுக்கப்பட்டன. அது போதாமல் பள்ளிக்கூட விளையாட்டுத் திடலும் போயிற்று. பவளத்தின் கடை வாசலிலேயே யாரோ ஒருவர் பெரிய ரதத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போனார். ஆள் அப்புறம் வரவே இல்லை.

ரதங்களுக்கு மேலே பார்ப்பதற்காக அவள் உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். எதிர்ப்பக்கம் ரத வரிசைக்குப் பின்னால் ஒரு தலை எம்பி எம்பிக் குதிக்கும். ஒரு கணம் ரிப்பன் தெரியும், மறையும், மறுபடி தெரியும். பவளத்துக்கு அன்றைக்கு அவ்வளவுதான் மகள். வருஷங்கள் போயின. ஒரு நாள் அந்தத் தலை குதிக்காமலே தெரிந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. சந்தோஷப்படத்தான் நினைத்தாள், அழுகைதான் வந்தது. எப்போது சடங்காவாளோ, யார் தண்ணீர் ஊற்றுவார்களோ என்றெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து யோசிப்பாள். பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. விற்காத ஆப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு தன்னந்தனியாகத் தின்பாள். தேங்காய்ப்பாலில் ஊறிய நடுப்பகுதியை மகளுக்கென்று ஒதுக்கி வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. கடைசியில் அதையும் அவளே தின்பாள்.

ஜனங்கள் முணுமுணுப்பது அரண்மனைக்கு எட்டியது. சாலைக்கு மேலே ஒரு நடைபாலம் கட்டித்தருவதாக மன்னர் அறிவித்தார். அடிக்கல் நாட்ட அவரே வருகிறார் என்று ஊரே அமளிப்பட்டது.

மன்னர் வருகிறார் என்றால் விரைபுரியில் ஒரு மரபு உண்டு. கொம்பு ஊதியதும் எல்லா ரதங்களும் எங்கோ ஒதுக்கப்படும். கொம்பு ஊதியது முதல் அரச ரதம் கடந்து போகும் வரை ஜனங்கள், காவலர்கள், அதிகாரிகள் எல்லோரும் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். காலங்காலமாகக் குனிந்து நின்றதால், அந்த நேரத்தில் முன்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அன்று பவளமும் குனிந்துதான் நின்றாள். இரைச்சல் நின்றுபோயிருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பழக்கமில்லாதது. மகள் நிற்கிறாளா என்று பார்க்கும் ஆசை தாளாமல் தலையைத் தூக்கிவிட்டாள்.

சாலை காலியாகக் கிடந்தது. ஒரு ரதம் இல்லை, ஓரத்தில் நிறுத்தியவை கூட இல்லை. எதிர்ப்பக்கம் குனிந்து நின்ற பிள்ளைகளின் நடுவே சிட்டு நின்றுகொண்டிருந்தாள். தலை முதல் கால் வரை முழுதாகத் தெரிந்தாள். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

பவளம் சாலையில் இறங்கினாள். பாதி தூரம் போனதும் தூரத்தில் புழுதி கிளம்பியது. முன்னே ஓடியிருக்கலாம், பழகிய பயம், பின்னே ஓடி வந்துவிட்டாள். அரச ரதம் காற்றாய்ப் பறந்து போயிற்று. அடிக்கல் நாட்டப்பட்டது. மறுநாள் அந்தக் கல்லின்மேலேயே ஒரு ரதத்தை ஏற்றி நிறுத்திவிட்டார்கள்.

அடிக்கல் நாட்டிய அன்றிரவே பக்கத்து வீட்டு ஆவுடையிடம் பவளம் விஷயத்தைச் சொன்னாள். ஆவுடையின் பெண்டாட்டி கத்தரிக்காய் வாங்கப் போனவள்; சட்டம் வந்த நாளிலிருந்து கிழக்கே இருக்கிறாள்.

"அண்ணே, ராஜா வர்ற நேரம் ரோடு சும்மாக் கெடக்குது. நடந்தே போயிரலாம்."

"காவக்காரன் பாப்பானேம்மா?"

"அவனும்தானண்ணே குனிஞ்சு நிக்கிறான்!"

ஆவுடை எழுந்து போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். பிறகு விஷயம் காதோடு காதாக ஊர் பூராவும் பரவியது. எப்படியோ கிழக்குப் பக்கத்துக்கும் தாவியது. இரண்டு பக்கத்து ஜனங்களும் மன்னரை அழைக்கத் தொடங்கினார்கள். எங்கள் தெருவில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறோம், மன்னர் திறந்து வைக்க வேண்டும். எங்கள் குப்பைத்தொட்டி மன்னரின் திருக்கரத்தால் திறக்கப்பட வேண்டும். மன்னர் உருகிப்போனார். தண்ணீர்ப் பந்தலுக்கு நாள் குறித்தார்கள்.

கொம்பு ஊதியது. எல்லோரும் குனிந்தார்கள். பிறகு, குனிந்தபடியே, இரண்டு பக்கத்திலிருந்தும் நடக்க ஆரம்பித்தார்கள். நிமிர யாருக்கும் துணிச்சல் இல்லை. கடப்பது ஒரு குற்றம். நிமிர்ந்தால் இரண்டு குற்றம். நூற்றுக்கணக்கான பேர் தங்கள் கால்விரல்களை மட்டும் பார்த்தபடி சாலையின் நடுவே ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு போனார்கள். இந்த முறை பவளம் திரும்பிப் பார்க்கவில்லை, நிற்கவில்லை. கிழக்கு ஓரத்து மண் காலில் பட்டதும்தான் நிமிர்ந்தாள்.

எதிரே நாத்தனார் வடிவு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அடிப்பாவி, நீ இங்க வந்துட்டியா?"

"சிட்டு எங்க மதினி?"

"கொம்பு சத்தம் கேட்டதும் 'அம்மாகிட்டப் போறேன் அத்தை'ன்னு ஓடிட்டாளே! வழியில நீ பாக்கலியா?"

பவளம் திரும்பினாள். அரச ரதம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்தது. அதன் பின்னாலேயே மற்ற ரதங்கள் பாய்ந்து வந்து சாலையை அடைத்தன. சாலையின் நடுவே எங்கோ ஓரிடத்தில் அவளும் மகளும் தோளோடு தோள் உரசித்தான் போயிருக்க வேண்டும். மருதாணி போட்ட ஒரு சின்னக் காலைக் குனிந்தபடியே பார்த்தது அவளுக்கு நினைவு வந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்திருந்தாள். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ரதத்தின் திரைச்சீலை வழியே இதையெல்லாம் பார்த்த மன்னர் கேட்டார்: "ஜனங்கள் ஏன் நம் ரதத்துக்கு முன்னால் ஓடுகிறார்கள்? ஏன் அழுகிறார்கள்?"

"அன்பு, மன்னா. தாங்கள் வந்தால் பரவசம். போனால் ஏக்கம்."

அது ஒரு விதத்தில் உண்மைதான்.

பெண்டாட்டி வந்து சேர்ந்த ஆவுடை வீட்டில் சிட்டுவுக்குச் சாப்பாடு கிடைத்தது. ஆனால் படுக்கை தன் வீட்டில்தான் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அம்மாவின் பழைய சேலை ஒன்றைப் போட்டு அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாளாம். சாலையோரம் நின்று ஆவுடை தொண்டை கிழியக் கத்திய சேதியில் பவளத்துக்கு இந்த ஒன்று மட்டும் காதில் விழுந்தது. மறு தடவை கொம்பு ஊதும்போது இரண்டே காரியம்தான் செய்ய வேண்டும் என்று அவள் முடிவெடுத்தாள். முதலில் பிள்ளையை அங்கேயே நிற்கச் சொல்லிவிட வேண்டும். பிறகு நடக்க வேண்டும்.

அதற்குள் விபத்தே இல்லாத ராஜ்ஜியம் என்று அண்டை தேசத்தார் விரைபுரிக்குப் பொற்பதக்கம் அனுப்பினார்கள். பதக்கத்தோடு மன்னர் உலா வருகிறார் என்று செய்தி பரவியது. பவளம் மகளுக்கென்று மருதாணி அரைத்து வைத்தாள்.

உலா நாள் காலையில் தண்டோராக்காரன் வந்தான். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், மக்களின் அன்புக்கு நெகிழ்ந்த நம் மன்னர், தம் பொருட்டுச் சாலை ஒரு கணமும் தடைபட்டு மக்கள் அவதிப்படலாகாது என்று திருவுளம் கொண்டு, இன்று முதல் ஆகாய ரதத்தில் எழுந்தருள்வார். கொம்பு ஊதியதும் அனைவரும் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்க்கக் கடவர்!"

ரத இரைச்சலில் அவன் சொன்னது பாதிதான் பவளத்தின் காதில் விழுந்தது. கொம்பு என்ற சொல் கேட்டதும் பள்ளிக்கூடச் சுவரின்மேல் ஏறிவிட்டாள். எதிரே கவிழ்த்த உரலின்மேல் சிட்டு நின்றாள்.

கொம்பு ஊதியது. ஊரே வானத்தைப் பார்த்தது. காவலர்களும் பார்த்தார்கள். தாயும் மகளும் மட்டும் நேராகப் பார்த்தார்கள். பவளம் கையை நன்றாக உயர்த்தினாள். உள்ளங்கையைக் காட்டினாள், நெஞ்சைத் தொட்டாள், எதிர்ப்பக்கம் நீட்டினாள். அங்கேயே இரு, நான் வர்றேன். சிட்டு பெரிதாகத் தலையாட்டினாள்.

பவளம் சுவரிலிருந்து குதித்து, நிறுத்தியிருந்த ரதங்களின் இடுக்கில் புகுந்து சாலையோரம் வந்தாள். சாலை நிற்கவில்லை. முன்பை விடவும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. சாரதிகளும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, வானத்தைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே எங்கோ மன்னர் பூக்களைத் தூவிக்கொண்டு போனார்.

இந்த முறை சிட்டு அம்மா பேச்சைத் தட்டவில்லை. சொன்ன இடத்திலேயே நின்றாள்.