ஆஃப் செகண்ட் சாரின் கட்டைவிரல்

சூரியன் தன்னுடைய ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டுத்தான் உதிக்கிறது என்று மனதார நம்புகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் சித்தூரில், எங்கள் தெருவிலேயே வந்து குடியிருப்பது நான் செய்த பாவம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம். வீட்டில் போய்க் கேட்டால் அந்த அம்மாளே, "ஆஃப் செகண்ட் கிரவுண்டுக்குப் போய்க்கினு இருக்காரு" என்றுதான் சொல்வார்.

நான் வேலை செய்யும் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் லாரி எடை போடுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். அது வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய பிறவிப் பயன், சித்தூரிலும் திருப்பதியிலும் நடக்கிற பாஸ்கெட்பால் ஆட்டங்களில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கடிகாரத்தை ஓட்டுவதும், நேரம் முடிந்ததும் ஹார்ன் அடிப்பதும். ஹார்னுக்கு முன்பே பந்து கையை விட்டிருந்தால் கூடை செல்லும். ஹார்ன் அடிக்கும்போது கையில் இருந்தால் செல்லாது. விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் அந்த அரை செகண்டைத் தன் சொந்த நிலம்போல வேலி போட்டுக் காத்தார் மனுஷன். அதனால் வந்த பெயர்.

ஹார்ன் அடிக்கிற வலது கட்டைவிரலை அவர் வேறு எந்த வேலைக்கும் அனுப்பமாட்டார். சோற்றை நான்கு விரலால் பிசைவார். சாம்பார் முழங்கை வரைக்கும் வழியும். சட்டைப் பொத்தானை இடது கையால் போடுவார், பாதி நாள் மேலும் கீழுமாக இருக்கும். ரேஷன் கடையில் ரேகை வைக்கச் சொன்னால் இடது கையை நீட்டுவார்.

"ரைட் ஹேண்ட் பெட்டண்டி சார்" என்று கெஞ்சுவார் டீலர்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்குதுய்யா. வெரல் தேஞ்சுபோனா உன் மிஷினா வந்து ஹார்ன் அடிக்கும்?"

பின்னால் வரிசையில் நிற்கிற நாங்கள் எல்லாரும் அரிசிக்காக அந்த விரலின் நலத்தைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டு முடிக்க வேண்டும்.

பிச்சாட்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் தாலி கட்டும் நேரத்தில் ஸ்டாப்வாட்சோடு மேடை ஓரமாகப் போய் நின்றார். முகூர்த்தம் முடிகிற நொடியில் பையிலிருந்து கை ஹார்னை எடுத்து அமுக்கிவிட்டார். மாப்பிள்ளை அப்போதுதான் மூன்றாவது முடிச்சுக்குக் குனிந்திருந்தான். "ரெண்டு முடிச்சு ஓகே. மூணாவது ஹார்னுக்கு அப்புறம். செல்லாது" என்று தீர்ப்பு வேறு சொன்னார். பெண்ணின் தாய்மாமன் ஏரிக்கரை வரைக்கும் விரட்டிக்கொண்டு போனார். ஓடும்போதும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டுதான் ஓடினாராம்.

இதையெல்லாம்விட எனக்கு எரிச்சலூட்டியது இன்னொன்று. இத்தனை வருஷம் மேஜையில் உட்கார்ந்தவர், ஒரு கூடை விழுந்ததைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. நடுவரின் கையையும் கடிகாரத்தையும் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார். பந்தைப் பார்த்தால் ஆசை வருமாம், ஆசை வந்தால் விரல் தாமதிக்குமாம். ஆட்டம் முடிந்து, "யார் சார் கெலிச்சது?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், பக்கத்துல கேளு" என்பார். கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமல் பந்தல் காலை எண்ணிவிட்டுப் போகிற ஜென்மம்.

நேரம் காட்டும் மின்சாரப் பலகை கெட்டுப்போனால் கடைசிப் பத்து செகண்டை மேஜைக்காரர் எழுந்து நின்று உரக்க எண்ண வேண்டும் என்பது இங்கே வழக்கம். இவர் தெலுங்கில் எண்ணுவார். நகரியிலிருந்து வந்த தமிழ்க் கோஷ்டி ஒன்று சண்டைக்கு வந்தது.

"தொம்மிதி, எனிமிதின்னு நீ இழுக்கறதுக்குள்ள அவன் துன்னுட்டு கைகழுவிக்கினு வந்து கூடை போடுவான். தமிழ்ல எண்ணுய்யா."

தமிழில் எண்ணினால் திருப்பதிக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். அதற்காக வீட்டில் உட்கார்ந்து இரண்டு மொழியிலும் எண்ணிப் பழகினார். மனைவி ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது. இரண்டு மொழியிலும் பத்து செகண்ட் ஒரே நீளம் என்று நிரூபித்த பிறகுதான் அந்த வீட்டில் சமையல் நடந்தது.

இப்படிப்பட்டவரின் வாயிலும் விரலிலும் என் மகளின் வாழ்க்கை போய் மாட்டிக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

திருப்பதியில் சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற லீக் ஒன்றை ஆரம்பித்தார்கள். என் மகள் பவித்ரா சித்தூர் டீமில் சேர்ந்தாள். பெங்களூரில் கம்பெனி வேலை கிடைத்து, சேரும் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆடப்போனாள். என் மனைவி ஒரே நிபந்தனை வைத்தாள்: "இந்த ஒரு சீசன். ஃபைனலுக்குப் போனா ஆடிக்கோ. போகலன்னா பந்தைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு பெங்களூருக்குப் பஸ் ஏறணும்." பவித்ரா சரி என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

அரையிறுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் திருப்பதி டீமோடு. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு பாதிக் கண்ணால் பார்த்தேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அப்போது கரண்ட் ஒருமுறை துள்ளியது. பலகை முழுவதும் எட்டு எட்டாக எரிய ஆரம்பித்தது. ஆஃப் செகண்ட் சார் எழுந்தார். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கையில் ஹார்ன் பட்டன். பிறந்ததே இதற்காகத்தான் என்பதுபோல முகத்தில் ஒரு களை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பதி... தொம்மிதி..."

அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு கூச்சல். பந்து பவித்ராவிடம் வந்தது. இரண்டு பேரைத் தாண்டினாள், எழும்பினாள், எறிந்தாள். பந்து காற்றில் இருக்கும்போது ஹார்ன் அடித்தது. பந்து வலைக்குள் விழுந்தது.

சித்தூர்க்காரர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். நான் தூணைக் கட்டிப்பிடித்து அழுதேன். நடுவர் சூளூர்பேட்டைக்காரர், சின்ன வயசு. கூடை செல்லும் என்று கையை இறக்கப் போனார். யாரும் கூப்பிடாமல், யாரும் கேட்காமல், இந்த மனுஷன் மேஜையைச் சுற்றிக்கொண்டு நடுவரிடம் போனார்.

"வத்து சார், வேணாம். அது செல்லாது."

"ஏமண்டி, ஹார்னுக்கு முன்னாடியே பந்து போயிடுச்சே? வீடியோவே இருக்குது" என்றார் நடுவர். சுற்றிலும் பத்துப் பதினைந்து போன்கள் நீண்டன.

"ஹார்ன் லேட்டு. அடிச்சது நானு. லேட்டா அடிச்சதும் நானு."

எங்கள் ஊர் ஆள் ஒருவர் அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். "யோவ், நீ எந்த ஊர்க்காரன்யா?"

"இங்க நான் மேஜைக்காரன்."

"பொய் சொல்றான் சார். எவனோ கவனிச்சிருக்கான் இவன."

நடுவர் கையமர்த்தினார். "ஏன் சார் லேட்டாச்சு?"

அவர் காலர் இன்னும் அந்த ஆள் பிடியில்தான் இருந்தது. திருட்டை ஒப்புக்கொள்கிறவரைப்போலச் சொன்னார்:

"பந்தைப் பாத்துட்டேன் சார். சின்னப் புள்ளையில இருந்து எங்க தெருவுல ஆடற பொண்ணு. எழும்பினா. பாத்துக்கினே நின்னுட்டேன். வாய் எண்ணி முடிச்சுது, வெரல் வரல. எண்ணி முடிச்சப்போ பந்து அவ கையிலதான் இருந்துச்சு. பாத்ததாலதான் சொல்றேன்."

வாழ்நாள் முழுவதும் வேலைக்கே அனுப்பாமல் வளர்த்த விரல்! ஒரே ஒரு நாள் தாமதமாக வந்தது, அதுவும் எங்களுக்குச் சாதகமாக வந்தது. அதை மூடி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை இந்த மூளைக்கு. சிரித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கு என்ன குறைந்துபோகும்? நான் அவரை என்னவெல்லாம் திட்டினேன் என்பதை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

திருப்பதிக்காரர்கள் ஒரு பக்கம் கத்த, சித்தூர்க்காரர்கள் ஒரு பக்கம் கத்த, நடுவர் கடைசியில் பவித்ராவைக் கூப்பிட்டார்.

"நுவ்வு செப்பும்மா. நீயே சொல்லு. பந்து கையில இருந்துச்சா?"

அவள் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் தூணிலிருந்து தலையை நீட்டி, இல்லை இல்லை என்று பலமாக ஆட்டினேன். பிறகு அவரைப் பார்த்தாள். சட்டையில் மேல் பொத்தான் அறுந்து, முடி கலைந்து நின்றிருந்தார்.

"கையிலதான் சார் இருந்துச்சு" என்றாள்.

ஒரு புள்ளியில் தோற்றோம்.

சித்தூர் பஸ்ஸில் ஏறினால், அங்கேயும் அவர். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், ஜன்னலோரமாக. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் மேட்ச் பார்த்தவர்கள். நானும் அவர் காதில் விழும்படி இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். அவர் திரும்பவே இல்லை.

சந்திரகிரி வந்தது. பவித்ரா வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். "துன்னு நைனா. காலையில இருந்து ஒண்ணும் துன்னல நீ."

"அதை விடு. நெஜமாவே கையில இருந்துச்சா?"

"தெரியல."

"தெரியலயா?"

"எழும்பிட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாது நைனா. சத்தங்கூடக் கேக்காது."

"அப்புறம் ஏம்மா அப்படிச் சொன்ன? உங்கம்மா சொன்னது மறந்துபோச்சா? அடுத்த வாரம் பெங்களூரு போகணுமே நீ."

அவள் ஒரு கடலையை உடைத்தாள். தோலை ஊதினாள்.

"அத்தினி பேர்ல ஒருத்தர்கூட அவரை நம்பல. தனியா நின்னுக்கினு இருந்தாரு நைனா."

நான் இதை எழுதும்போது அவள் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த மனுஷனை லீக்கில் இனிமேல் கூப்பிடமாட்டார்களாம். கம்ப்யூட்டரே ஹார்ன் அடிக்குமாம். மிகவும் நல்லது.

அன்றைக்குப் பஸ் பூதலப்பட்டு தாண்டியதும் மேற்கு வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு மனதுக்குள் திட்டிக்கொண்டே எழுந்து, பவித்ராவின் துண்டை வாங்கிப் போய், அவர் விழித்துக்கொள்ளாமல் அந்த ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு வந்தேன்.