மாப்பிள்ளை கையில் பூசணிக்காய்

பிறருடைய பண்பாட்டை உலகத்துக்கு எடுத்துச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள், முதலில் வாயை மூடிக்கொண்டு அந்தப் பிறர் சொல்வதை முடிவுவரை கேட்கவேண்டும். இந்த ஞானம் எனக்கு ஐம்பது வயதுக்குமேல், ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையத்தில், காஞ்சிபுரச் சேலையும் பனிச்சப்பாத்துமாக நின்றபோதுதான் வந்தது.

ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. அங்கே என்னோடு உருளைக்கிழங்கு உரிப்பவள் சொலோமியா. உக்ரைன்காரி, சண்டைக்குத் தப்பி வந்தவள். "நீங்களும் ரஷ்யாவும் ஒண்டுதானே?" என்று யாராவது கேட்டால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் மொழி வேறு, பூவேலை வேறு, வரலாறு வேறு என்று தொடங்கி, பழைய காலத்து நோர்வே அரசர் ஒருவரே கீவ் நகரத்து இளவரசியைத்தான் கட்டினவர் என்பதில் வந்து நிற்பாள். முப்பது வருஷமாக "நீங்கள் இந்தியாவா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்த ஈழத்துக்காரி நான். எனக்கு அவள்மேல் பாசம் பொங்காமல் என்ன செய்யும்?

ஆகவே நகரசபையின் பண்பாட்டுப் பிரிவு உக்ரைன்காரருக்கு ஒரு மண்டபமும் ஒரு மாலைப்பொழுதும் ஒதுக்கியபோது, "ஒண்டுக்கும் யோசியாதை, நான் நடத்தித்தாறன்" என்று ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டேன். (பொங்கல் விழா, வாணி விழா என்று ஒஸ்லோவில் நான் அறிவிப்புச் செய்யாத தமிழ் மேடை இல்லை. அறிவித்து முடிந்தும் இறங்கமாட்டேன் என்பது என் கணவர் பரப்பும் கதை.)

முக்கிய நிகழ்ச்சி, அவர்களுடைய பெண்கேட்கும் சடங்கை நடித்துக் காட்டுவது. மாப்பிள்ளையோடு இரண்டு பெரியவர்கள் வந்து பெண் கேட்பார்கள். பெண்ணுக்குச் சம்மதம் என்றால், பூவேலை செய்த நீளத் துவாய்களை அந்தப் பெரியவர்களின் தோளில் கட்டுவாள். சொலோமியா பெண். பார்சல் வண்டி ஓட்டுகிற பொஹ்டான் என்ற நெடுவல் பெடியன் மாப்பிள்ளை.

"பொம்பிளைக்கு விருப்பமில்லையெண்டால்..." என்று சொலோமியா தொடர்ந்தாள்.

"உஷ்! நல்ல காரியம் கதைக்கேக்கை அபசகுனமா ஒண்டும் சொல்லாதை."

"இல்லை ராணி, அதுதான் முக்கியமான..."

"வேண்டாம் எண்டுறன்!"

(கதைத்ததெல்லாம் எங்கள் இருவரின் அரைகுறை நோர்வே மொழியில். நான் என் தமிழில் தருகிறேன்.)

நிகழ்ச்சியன்று பின்னறையில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ராணி, உனக்கு மட்டும் சொல்லுறன். இது நடிப்பில்லை. பொஹ்டான் என்னை உண்மையாவே கேட்டிட்டான். பதிலை மேடையிலை சொல்லுறன் எண்டிட்டன். நான் துவாய் கட்டப்போறன். அவனுக்கு இன்னும் தெரியாது, பாவம், நடுங்கிக்கொண்டு நிக்கிறான். துரொண்ட்ஹெய்மிலை இருந்து தாயும் வந்திருக்கிறா."

ஊரை விட்டு வந்தபிறகு அந்தப் பிள்ளை இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். மண்டபம் நிறையச் சனம். இத்தனை கண்ணும் இதுகளில் விழுந்தால் என்ன ஆவது? கண்ணூறு கழிக்காமல் விடலாமா? பக்கத்துக் கடைக்கு ஓடினேன். அதற்கு வேண்டிய வெள்ளை நீத்துப்பூசணிக்கு அங்கே எங்கே போவது! ஹாலோவீனுக்கு விலைப்படாமல் கிடந்த செம்மஞ்சள் பூசணிக்காய்தான் அகப்பட்டது. (கற்பூரம் கொளுத்தவில்லை. மண்டபத்தில் தீ எச்சரிக்கை மணி இருக்கிறது. எனக்கும் அறிவு உண்டு.)

பொஹ்டானும் பெரியவர்களும் மேடையில் வந்து நின்றார்கள். சொலோமியா உள்ளே தலையில் பூவளையத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் விறுவிறென்று மேடைக்குப் போய், பூசணிக்காயை மாப்பிள்ளையின் தலையைச் சுற்றி மூன்று தரம் சுற்றினேன். இனிச் சந்தியில் கொண்டுபோய் உடைக்கவேண்டும். ஆனால் அடுத்த அறிவிப்பு என்னுடையது. அதை விட்டுக்கொடுக்க மனம் வருமா?

"கொஞ்சம் பிடி தம்பி" என்று பூசணிக்காயை அவன் கையில் வைத்தேன்.

பாதி மண்டபம் கைதட்டியது. அது நோர்வேக்காரர். மற்றப் பாதி மூச்சே விடவில்லை. முன்வரிசையில் பொஹ்டானின் தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். பெரியவர்களில் ஒருவர் செத்தவீட்டுக்கு வந்தவர்போலத் தொப்பியைக் கழற்றினார். பொஹ்டான் பூசணிக்காயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு துளி இரத்தம் இல்லை. "நன்றி" என்றான். பிறகு அதை நெஞ்சோடு அணைத்தபடி மேடையிலிருந்து இறங்கி, வாசலால் வெளியே போய்விட்டான்.

துவாய்களோடு சொலோமியா வந்தாள். "அவன் எங்கை?"

"தெரியேல்லை. நான் ஒரு பூசணிக்காய்தான் குடுத்தனான்..."

"என்னத்தை?" அவள் போட்ட சத்தத்தில் ஒலிவாங்கி கீச்சிட்டது. "எங்கடை ஊரிலை மாப்பிள்ளையை வேண்டாம் எண்டால் பூசணிக்காய்தான் குடுக்கிறது! அதைத்தானே உனக்குச் சொல்ல வந்தனான்!"

ஐயோ என்ரை கடவுளே! ஒரு பிள்ளையின் வாழ்க்கையை இருநூறு பேர் முன்னால், கைதட்டலோடு முடித்துவைத்துவிட்டேனே! அடுத்த கணம் வெளியே பனிக்குள் ஓடினேன். பின்னால் என் கணவரின் குரல்: "இஞ்சேரும், சேலையைத் தூக்கிப்பிடிச்சுக்கொண்டு ஓடும்!"

பக்கத்து ஹவுகன்ஸ்டுவா நிலையத்தில், ரயில் மேடை வாங்கில் பொஹ்டான் இருந்தான். மடியில் பூசணிக்காய்.

"தம்பி, அது அவளின்ரை பதில் இல்லை! அது நான் தந்தது!"

"நீங்களா?" என்று அவன் மிரண்டு பின்வாங்கினான். "நான் உங்களைக் கேக்கேல்லையே!"

"அட சீ! அது கண்ணூறு படாமல் இருக்க எங்கடை ஆக்கள் செய்யிறது. சுத்தினால் உடைக்கவேணும்!"

அவன் நம்புவதாக இல்லை. இனிக் கதைத்துப் பயனில்லை என்று காயைப் பிடுங்கி, தலைக்குமேல் தூக்கி, ஓங்கி நிலத்தில் அடித்தேன். வெடித்துச் சிதறியது. ரயிலுக்கு நின்ற ஒரு கிழவி நாயைத் தூக்கிக்கொண்டு விலகினாள். சேலையெல்லாம் விதை.

அதற்குள் சொலோமியா ஓடி வந்துவிட்டாள். மூச்சிரைக்க இரண்டு பெரியவர்கள், மாப்பிள்ளையின் தாய், அவர்களுக்குப் பின்னால் முழு மண்டபமும். அவள் அந்த இடத்திலேயே பெரியவர்களின் தோளில் துவாய்களைக் கட்டினாள். பொஹ்டான் விம்மி விம்மி அழுதான். நானும் அழுதேன். நோர்வேக்காரர் பெருஞ்சத்தத்தோடு கைதட்டினார்கள்.

பண்பாட்டுப் பிரிவின் அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அற்புதம்! அதிலும் ரயில் நிலையத்தில் பூசணிக்காய் உடைக்கும் உக்ரைன் மரபு இருக்கிறதே!"

"அது உக்ரைனுடையது இல்லை, எங்களுடையது" என்றேன் பதறிப்போய்.

"ஓ, இந்தியாவிலும் உண்டா?" என்றார்.

அன்று மேடையில் சொன்ன கீவ் இளவரசியை ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அவர்களுடைய விழாவுக்கு முன், இந்த முறையும் பூசணிக்காய் உண்டா என்று நகரசபையிலிருந்து கேட்கிறார்களாம். எங்கள் வீட்டில் மகளுக்குச் சம்பந்தம் கதைக்க யார் வந்தாலும், என் கணவர் முதலில் என்னைப் பார்த்து, "நீர் கடைக்குப் போகவேண்டாம்" என்கிறார்.

போன கிழமை சொலோமியா தொலைபேசியில் கத்தினாள். அவளுடைய மகளிடம் பாலர் பாடசாலையில், உக்ரைனில் கலியாணம் எப்படி நடக்கும் என்று கேட்டார்களாம். பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லியிருக்கிறாள்:

"சேலை கட்டின ஒரு அன்ரி வரவேணும்."