கிங் கேமரனின் ஒரே கச்சேரி

பாட வராதவர்களில் இரண்டு வகை உண்டு. வராது என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டு ஊருக்கு உபகாரம் செய்பவர்கள் முதல் வகை. நான் இரண்டாவது. அதிலும் நான் பாடக்கூட இல்லை, பேசினேன். வேகமாக, இங்கிலீஷில், கையை வெட்டி வெட்டி. அதற்கு ராப் என்று பெயர் என்பது எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கேமரன் மலையில் இருந்த எங்கள் தோட்டத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தத் திமிரை வைத்துத் தேயிலை ஆலையையே ஓட்டியிருக்கலாம்.

எல்லாம் கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா மகனால் வந்த வினை. அமெரிக்காவின் தெற்கே ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு கேசட் வாங்கி வந்தான். அந்தத் தெற்கத்திப் பையன்கள் பாடும் விதமே வேறு என்றும், வடக்கே இருப்பவர்கள் அவர்களை மதிப்பதில்லை என்றும் சொன்னான். (எங்களுக்குத் தெற்கு என்றால் ஜொகூர்.) யாரும் மதிக்காத அந்தக் கூட்டத்துக்கு மலேசியக் கிளையாக நான் என்னை நியமித்துக்கொண்டேன். கேசட்டில் பாதி புரியவில்லை. மீதிப் பாதி புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். செல்வராஜு என்ற பெயர் அமெரிக்காவுக்குச் சரிப்படாது என்று 'கிங் கேமரன்' ஆனேன். ராஜ்யம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் மேல் லயத்தின் கடைசி வீட்டைக் காட்டியிருப்பேன்.

மேட்டில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள்தான் அந்த மேல் லயம், அங்கே குழாய் கிடையாது. அம்மா நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கீழ் லயத்துக்கு இறங்கித் தண்ணீர் பிடித்து, வாளியோடு மேடேறுவார். வீட்டில் இருந்த இன்னொரு வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நான் பயிற்சி செய்துகொண்டிருப்பேன். உள்ளே எதிரொலி பிரமாதமாக இருக்கும்.

"அந்த வாளியையாச்சும் குடுடா. இன்னொரு நடை தண்ணி புடிச்சிட்டு வரேன்."

"ஸ்டூடியோவுல இப்பிடித்தாம்மா சத்தம் கேக்கும்."

"ஸ்டூடியோக்காரன் குளிக்கவே மாட்டானா?"

எழுந்துபோய் அந்த வாளியைத் தூக்கியிருக்கலாம். கிங் தண்ணீர் தூக்குவாரா?

ஈப்போவில் கேசட் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, கடைக்குப் பின்னால் பாட்டுப் பதிவு செய்யும் அறையும் வைத்திருந்தார். அவரை நான் நச்சரித்த நச்சரிப்பில், எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருவதாக ஒத்துக்கொண்டார். "புடிச்சிருந்தா அன்னிக்கே என் காடியில ஏறிக்க, மறுநாளே பதிவு பண்ணிடலாம். புடிக்கலன்னா இனிமே கடைப் பக்கம் வரக்கூடாது லா" என்றார். ஆக, அன்று பாடினால் ஈப்போ, சொதப்பினால் ஆயுசுக்கும் கொழுந்து மூட்டை. திருவிழா அன்று காலையிலேயே துணிமணிகளைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டேன். அவ்வளவு நம்பிக்கை.

என் அலங்காரத்தையும் சொல்லிவிடுகிறேன். கொழுந்து பறிப்பவர்கள் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றும் கறுப்பு ரப்பர் ஷீட்டை வெட்டி ஒரு கோட்டு. கழுத்தில் மோட்டார் சைக்கிள் செயின், தங்கக் கலர் பெயிண்ட் அடித்தது. பனி மூடிய மலையில் கறுப்புக் கண்ணாடி. காலில், முழங்கால் வரைக்கும் ஏறும் பழைய தோல் பூட்ஸ். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரையின் பூட்ஸ் அது. எந்நேரமும் சுருட்டோடு இருந்ததால் அவருக்குச் சுருட்டுத் துரை என்று பெயர். பங்களாவிலேயே இருமி இருமிச் செத்துப்போனவர். அங்கே தோட்டவேலை பார்த்த அப்பாவுக்கு அந்த பூட்ஸ் மிஞ்சியது, அப்பாவிடமிருந்து எனக்கு.

பிற்பகல் பூஜை முடிந்து மேடை ஏறினேன். முன்வரிசையில் மாலை போட்ட தோட்டத்து மேனேஜர், பக்கத்தில் ஈப்போ முதலாளி. தாளத்துக்காக வைத்திருந்த டேப் ரெக்கார்டரை அமுக்கினேன். கரகரவென்று ஒரு சத்தம். கேசட்டைத் தின்றுவிட்டது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடைக்குக் கீழே தப்பு வாத்தியத்தோடு உட்கார்ந்திருந்த மாரிமுத்து அண்ணனிடம் குனிந்தேன்.

"அண்ணே, நீங்க அடிங்கண்ணே."

"எந்த அடி?"

"இருக்கறதுலயே வேகமான அடி."

"திருவிழா நாளாச்சே, அத அடிச்சா..." என்று இழுத்தார்.

"அடிங்கண்ணே. என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

தப்பில் இருப்பதிலேயே வேகமான அடி சாமியை வரவழைக்கும் அடி. பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் கிங் கேமரனுக்கு அதெல்லாம் நாட்டுப்புறச் சமாசாரம், காதில் ஏறாது.

அடி விழுந்தது. நான் ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்தது பாதியில் மறந்துபோக, வாய்க்கு வந்த இங்கிலீஷை அள்ளிக் கொட்டினேன். முன்வரிசையைப் பார்த்து விரலை நீட்டினேன், தலையை உலுக்கினேன், பூட்ஸ் காலால் மேடையை உதைத்தேன். கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

வீராசாமிக் கங்காணி மேடையேறி வந்து என் காலையே உற்றுப் பார்த்தார். பழைய துரையிடம் முப்பது வருஷம் திட்டு வாங்கியவர்.

"இங்கிலீசுல ஏசுறாரு, வெரல நீட்டுறாரு. பூட்ஸப் பாருங்க" என்றார் தழுதழுத்த குரலில். "சுருட்டுத் துரை வந்துட்டாரு."

அடுத்த நிமிஷம் என் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். கேமரன் குளிரில், சொல்லாமல் கொள்ளாமல். வேப்பிலை அடி. கழுத்தில் எலுமிச்சை மாலை. நான் துரை இல்லை, செல்வராஜு என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் பற்றவைத்த சுருட்டைச் செருகினார்கள். புரை ஏறி இருமினேன் பாருங்கள், குடல் வெளியே வரும்படி.

"அதே இருமல்" என்று கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தார். அப்பாடா, பெற்றவள் காப்பாற்றுவாள் என்று நிம்மதியானேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, பயபக்தியோடு கும்பிட்டார்.

"தொர, மேல் லயத்துக்குப் பைப்பு போட்டுத் தரேன்னு சொல்லிட்டுப் போய்ட்டீங்களே. இப்ப உள்ளவரு வருசா வருசம் கடிதம் போட்டுருக்கேன்னு சொல்றாரு. நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க."

நான் இருமினேன். இருமினால் தலை ஆடாதா?

"தலையாட்டிட்டாரு" என்றார் அம்மா, திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி.

தோட்டம் முழுக்க இப்போது மேனேஜரைப் பார்த்தது. வருஷக்கணக்காகச் சாக்குச் சொல்லியே காலத்தை ஓட்டிய மனிதர், கழுத்து மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் எழுந்து நின்றார். செத்துப்போன துரையை எதிர்த்துப் பேச அவருக்குத் தைரியம் இல்லை. "போட்டுடலாம், போட்டுடலாம்" என்றார்.

கூட்டம் கலைந்ததும், சொட்டச் சொட்ட நனைந்தபடி பையைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் காருக்கு ஓடினேன். அவர் என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"அண்ணே, பாட்டு எப்பிடிண்ணே?"

"பாட்டா? சாமியெல்லாம் நான் ரெக்கார்ட் பண்றதில்ல, தம்பி. வம்பு லா. கட நல்லா ஓடணும், ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் குடு."

கொடுத்தேன். அதை ஸ்டியரிங் முன்னால் வைத்துக்கொண்டு போய்விட்டார். கடை நன்றாகவே ஓடியது என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஒரு ராப் பாடகனின் தோற்றமும் வளர்ச்சியும் வீழ்ச்சியும் அன்று ஒரே பிற்பகலில் முடிந்தன. மறுவாரம் கொழுந்து மூட்டை தூக்கப் போனேன். குழாய் தோண்டும் வேலை தொடங்கியபோது, பள்ளம் வெட்டவும் என்னையே அனுப்பினார்கள்.

இப்போது மலையிலேயே தானா ராத்தா டவுனில் குடியிருக்கிறோம். என் மகள் போனில் அந்தத் தெற்கத்திக்காரர்களின் பாட்டைத்தான் கேட்கிறாள். இன்றைக்கு உலகமே அவர்களை மதிக்கிறதாம். நானும் அந்தக் காலத்தில், என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தேன். அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்காமல் விட்டதை அப்போதுதான் கேட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கு நெசமாவே துரைன்னு நம்புனீங்களா?"

"எம்மவன் கத்துறது எனக்குத் தெரியாதாடா? நீ கத்துனது ஒருத்தருக்கும் புரியல. வாளியையும் குடுக்க மாட்ட. சரி, வீணாப் போவானேன்னு கேட்டேன்."

பிறகு பேத்தியைப் பார்த்துச் சொன்னார்:

"ஒங்கப்பன் ஒரே ஒரு வாட்டிதான் பாடுனான். லயத்துக்கே தண்ணி வந்துச்சு."

அன்றிலிருந்து வீட்டில் குழாய் நின்றுபோனால், யாரும் தண்ணீர் இலாகாவுக்குப் போன் செய்வதில்லை. என்னைப் பாடச் சொல்கிறார்கள்.