வெரசா அண்ணன் ஓட்டிய கடைசி வண்டி

பிரேக் என்ற ஒன்றை ஜீப்பை நிறுத்தி வைப்பதற்கு மட்டுமே பயன்படுத்திய ஒரே மனிதர், தாண்டிக்குடி டிரைவர் வெரசா அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். ஏறுமுன் "வெரசா ஏறுங்க", ஏறியபின் "வெரசா உக்காருங்க", இடமில்லை என்றால் "வெரசாத் தொங்குங்க!" அவர் ஜீப்பில் ஏற்றிய மலைவாழைத் தார் வத்தலக்குண்டு போய்ச் சேரும்போது பாதி பஞ்சாமிர்தமாகியிருக்கும் என்பார்கள்.

அப்படிப்பட்டவரைப் போய், நாலு நாள் சைக்கிள் பந்தயத்தில் கடைசி வண்டி ஓட்டக் கூப்பிட்டால் எப்படி? கடைசி வண்டி என்றால் எல்லாருக்கும் பின்னால் நேரக் கணக்குப்படி வருவது. அது யாரை முந்துகிறதோ அவர் பந்தயத்தில் இல்லை. சைக்கிளை மேலே போட்டுவிட்டு உள்ளே ஏறிக்கொள்ள வேண்டும். பின்தங்கியவர்களைக் கூட்டி அள்ளுகிற வண்டி என்பதால், வெளிநாட்டில் அதன் முன்னால் ஒரு விளக்குமாறு கட்டுவார்களாம். பந்தயம் நடத்தியவர்கள் இங்கேயும் கட்டச் சொன்னார்கள்.

"ஏன்யா, தொழில் பண்ற வண்டியில வெளக்கமாத்தக் கட்டவா? அதுக்கு என் மூஞ்சியிலயே கட்டுங்க!"

அவர் குதித்த குதியில் பயந்துபோய், "சரிண்ணே, ஏதாவது ஒரு கொத்து கட்டுங்க" என்றார்கள். அண்ணன் வேப்பிலைக் கொத்தைக் கட்டினார். அவ்வளவுதான், அம்மன் வண்டி வருகிறதென்று ஊருக்கு ஊர் பெண்கள் மஞ்சள் தண்ணீரோடு நின்றார்கள். முதல் நாளே இரண்டு குடம் அவர் தலையில் விழுந்தது. "வெரசாக் கும்பிடுங்கம்மா" என்று பல்லைக் கடித்தார்.

நான் ஏன் அங்கே இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவன் என் தம்பி. இரண்டு மாதம் முன்னால் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் சைக்கிளைக் கோடைக்கானல் ஏரி வரை ஓட்டி முடித்துவிடுவது என்று, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற நான், நாற்பத்தாறு வயதில் கிளம்பினேன். புத்தியுள்ளவன் செய்கிற வேலையா இது? துக்கம் புத்தியைக் கேட்டுக்கொண்டா வருகிறது! மூன்று நாளும் நான்தான் கடைசி. மூன்றாம் நாள் டீக்கடையில் தம்பியைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். ஒரே மடக்கில் டீ குடிக்கிற மனிதர், அன்று கிளாஸைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டார்.

கடைசி நாள் அய்யம்பாளையத்தில் வெள்ளனக் கிளம்பி, தாண்டிக்குடி ஏறி, மாலை ஐந்து மணிக்குள் ஏரிக்குப் போய்விட வேண்டும். மலை தொடங்கியதுமே என் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் ஜீப். அதில் அண்ணனுக்குப் பக்கத்தில் கடிகாரமும் கையுமாக ஒரு நடுவர்.

"நேரமாச்சு டிரைவர், அவரை முந்துங்க."

"முந்தலாங்க. எஞ்சின் சூடாகிக் கெடக்கே!" என்று நிறுத்தினார். நான் இரண்டு வளைவு ஏறிவிட்டேன்.

"இப்ப முந்துங்க!"

"ஆத்தா ஒண்ணு கும்பிட நிக்குது பாருங்க. சாமி குத்தம் வந்தா நீங்க பொறுப்பா?"

கும்பிட ஆளில்லாத இடங்களில் அவரே ஹாரன் அடித்து ஆள் சேர்த்தார். காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு, "நெதானமாக் கும்பிடுங்க தாயி" என்றார். அந்தச் சொல் அவர் வாயில் வந்ததை மலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது. ஒரு பச்சைப் பிள்ளைக்குப் பெயர்கூட வைத்தாராம்!

பண்ணைக்காடு தாண்டி மழை பிடித்துக்கொண்டது. சைக்கிளைப் போட்டுவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்து அழுதேன். "முடியலண்ணே, ஏறிக்கிறேன்."

அண்ணன் ஜீப்பை நிறுத்தித் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"எனக்கு இன்னைக்கு ஒரு சோலியும் இல்ல தம்பி. நீங்க மெதுவாவே போங்க."

நடுவரைப் பார்த்தேன். அவர் சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார்.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது என் தம்பியின் சைக்கிள் கோட்டைத் தாண்டியது. ஜெயித்தவர்கள் அதற்குள் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருப்பார்கள். கைதட்ட ஆளில்லை. ஜீப்பின் ஹாரன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டுபோக முடியவில்லையாம். "இதுலயும் வெரசாப் போயிட்டாரே" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் ஜீப்பிலேயே அவரை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அது நடை வேகத்தில் போக, தம்பியின் சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

"வழி இருக்குல்ல, முன்னால போங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

நான் போகவில்லை. தம்பிக்கு அழுத மாதிரியே அழுகை வந்தது. வெட்கமில்லாமல் வாய்விட்டே சொன்னேன்.

"எனக்கு இன்னைக்கு ஒரு சோலியும் இல்லண்ணே. நீங்க மெதுவாவே போங்க."